இணைப்புகளை இனி ரெயின்ட்ரொப்பில் சேர்த்துவிடுங்கள்

வணக்கம். இந்தக் குழுவில் போடும் கட்டுரை இணைப்புகள் மறுநாளே காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடுகின்றன. ஆகவே இணைப்புகளைச் சேமித்து வைக்கும் செயலியான ரெயின்ட்ரொப்பில் (Raindrop) கூட்டுத் தொகுப்பொன்று திறந்துள்ளோம். இலவசக் கணக்கே போதும்: பக்கத்தைத் திறந்து ஷெயார் அழுத்தி, ரெயின்ட்ரொப்பைத் தெரிவுசெய்து, எங்கள் தொகுப்பில் இடுங்கள்.

பேஸ்புக்கில் இருந்து எடுத்த முகவரியில் 'எஃப்பிகிளிட்' (fbclid) என்று ஒரு நீண்ட வால் தொங்கும். அதற்கு சற்று முன்னால் உள்ள கேள்விக்குறியோடு சேர்த்து வெட்டுங்கள். விட்டால் ஒரே கட்டுரை இரண்டு தடவை ஏறக்கூடும். ஆனால் யூடியூப்பில் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள 'வி=' (v=) பகுதியில் கை வைக்காதீர்கள், வீடியோவே திறக்காது!

ஒவ்வொரு இணைப்புக்கும் குறிச்சொல் (tag) இரண்டு போதும். 'கல்வி' ஏற்கெனவே இருக்க, 'கல்விச்செய்தி' எதற்கு?

இலவசக் கணக்கில் சேமிப்பது முகவரி மட்டுமே, பக்கம் அல்ல. பத்திரிகைத் தளம் இணைப்பை மாற்றினால் கட்டுரை போய்விடும். முக்கியமானவற்றை, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் காக்கும் தளமான வேபேக் மெஷினிலும் பதிந்து, அந்த முகவரியைக் குறிப்பில் ஒட்டுங்கள்.