மரப்பட்டையும் மாத்திரையும்

குன்னூர்

அன்பு நண்ப,

நலம், நலமறிய ஆவல். மூலிகைகளிலிருந்து புதிய மருந்து காணும் ஆய்வில் உன் மகள் சேர்ந்திருக்கும் செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. செடியில் குணம் இருப்பது தெரிந்துவிட்ட பிறகு, அது மாத்திரையாக இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்டிருந்தாய். இந்த மலையின் மரங்களைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

1860-களில் நீலகிரியில் செழித்து வளர்ந்தது சிவப்புப் பட்டைச் சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் இம்மரப் பட்டையிலிருந்துதான் கிடைக்கிறது. தோட்டத்தைக் கவனித்த மெக்கைவர், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தார். மரமும் பிழைத்தது, புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்தும் கூடியது. ஆயினும் அவ்வகையில் குயினைன் குறைவு என்பதால், குயினைன் மிகுந்த வேறு வகையை ஜாவாவில் வளர்த்த டச்சுக்காரர்களிடம் உலகச் சந்தை போய்விட்டது. இப்படி மரத்துக்கு மரம் சத்து மாறும்போது, ஒரு குவளைக் கஷாயத்தில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? பொருளைப் பிரித்தெடுத்து அளந்து கொடுப்பது அதனால்தான்.

பிரித்தெடுத்தாலும் வேலை முடிவதில்லை. அமெரிக்காவில் வால், வாணி என்ற வேதியியலாளர்களின் குழுவினர் சீன மரம் ஒன்றிலிருந்து பிரித்து 1966-இல் வெளியிட்ட கேம்ப்டோதெசின், புற்றுநோயை எதிர்க்கும் வீரியம் உடையது. ஆனால் நீரில் கரையாது. கரைய வேண்டுமென்று அதைச் சோடியம் உப்பாக்கியபோது மூலக்கூறின் வளையம் ஒன்று திறந்து வீரியம் குன்றியது. அதே வளையம் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் மீண்டும் மூடிக்கொண்டதால், நோயாளிகளின் சிறுநீர்ப்பை புண்ணாகி இரத்தம் கசிந்தது. 1970-களில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். செல் பெருகத் தேவையான ஒரு நொதியை அது முடக்குகிறது என்பது 1985-இல் தெரியவந்த பிறகே மறுபடி அக்கறை பிறந்தது. மூலக்கூறைச் சற்றே மாற்றி உருவாக்கிய டோப்போடெக்கான், இரினோடெக்கான் இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-இல். நடுவில் கழிந்தவை முப்பது ஆண்டுகள்.

இதே கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றிலும் நிறைய இருப்பதை வேதியியலாளர்கள் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். சோலை ஓரங்களில் வளரும் சிறு மரம். பூத்தால் துர்நாற்றம் வீசும். யாரும் சீந்தாத அந்த மரத்தை, செய்தி பரவியபின் வேரோடு வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். பல இடங்களில் அது அருகிப்போனது. எனக்கு மனம் ஆறாத விஷயம் இதுதான். பட்டைக்காக மரத்தைக் கொல்லாத வித்தையை நூறாண்டுக்கு முன்பே கண்ட மலைகள் இவை.

ஆகவே உன் மகளிடம் ஒன்று சொல். வீரியம் தெரிந்த அன்றே, வேருக்குப் பதில் இலை போதுமா, நாற்றங்காலில் வளர்க்க முடியுமா, திசு வளர்ப்பில் எடுக்க முடியுமா என்றும் அவள் பார்க்கத் தொடங்க வேண்டும். எந்தச் செடியை எடுத்திருக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்