2024–25 ஆண்டறிக்கை: சஃபோக் தேவாலயங்களும் மழைநீரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் முடிய, பழைய தேவாலயங்களுக்குப் போய்வரும் நமது குழு செய்த பணிகளை அவையின் முன் வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடியது. கூட்டக் குறிப்புகள் வாசல் மேசையில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு போன இடமெல்லாம் நாம் பேசியது மழைநீரைப் பற்றித்தான்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில் இடைக்காலத்துப் பங்குத் தேவாலயங்கள் ஏறத்தாழ 500 இன்றும் நிற்கின்றன. கம்பளித் துணி வணிகம் கொழித்த 15ஆம் நூற்றாண்டில் லாவன்ஹாம், லாங் மெல்ஃபோர்ட் போன்ற ஊர்கள் பெரும் பேராலயத்துக்கு ஈடாகக் கட்டிக்கொண்டன. பணம் போய்விட்டது, கட்டடம் நிற்கிறது. அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு அந்தந்தப் பங்கு மக்களுடையது. ஞாயிறு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வரும் ஊரிலும் அதே பொறுப்புதான், அதே அளவு கூரைதான்.

ஏப்ரல் பயணத்தில் வென்ஹாஸ்டன் புனித பேதுரு ஆலயத்துக்குப் போனோம். அங்குள்ள நியாயத்தீர்ப்பு ஓவியத்தின் முன் நின்ற அரைமணி நேரத்தை வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1500ஆம் ஆண்டை ஒட்டி மரப் பலகைகள்மேல் தீட்டியது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தக் காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1892இல் திருப்பணி நடந்தபோது, வெறும் பழைய பலகைகள் என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. விடிந்து பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் தெரிந்தன. பேதுருவின் முன்னே அரசன், அரசி, ஆயர், கர்தினால் என நால்வர். உடலில் துணியில்லை, தலையில் மட்டும் அவரவர் மகுடமும் தொப்பியும். மிகாவேல் தராசு பிடித்திருக்கிறார், எதிரே சாத்தான் வாதாடுகிறான். வலது ஓரத்தில் நரகம் ஒரு பெரிய மீனின் வாய்போலத் திறந்திருக்கிறது. என் கண் நிலைத்தது நடுவிலுள்ள வெறுமையில். சிலுவையும், இருபுறம் மரியாள், யோவான் சிற்பங்களும் பலகைமேல் பொருத்தப்பட்டிருந்த இடத்தில் ஓவியரின் தூரிகை போகவில்லை. சிற்பங்கள் அழிந்து நூற்றாண்டுகள் ஆகியும் அவற்றின் உருவம் வெற்று மரத்தில் அப்படியே நிற்கிறது.

அன்று பிற்பகல் பிளைத்பர்க் ஆலயத்துக்குச் சென்றோம். கூரையில் இறக்கை விரித்த வானதூதர்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். அந்தக் கூரையில் கிடைத்த ஈயக் குண்டுகள் ஆலயத்தில் உருவங்கள் கூடாதென்று 1644இல் சிலை உடைக்க வந்த வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள் சுட்டவை என்று இன்றும் சொல்கிறார்கள். இருபது வானதூதர்களை இறக்கச் சொன்னதாக அவரே குறிப்பு எழுதியிருப்பது உண்மை. ஆனால் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரைக்குள் கூடுகட்டிய சிறு காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு ஆலயக் கணக்கிலேயே இருக்கிறது. வருகிறவர்களுக்கு நாம் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த ஆலயத்தை வீழ்ச்சியின் விளிம்புக்குக் கொண்டுபோனது டவ்சிங் அல்ல, கவனிப்பாரற்ற கூரை. 1881இல் ஆபத்தான கட்டடம் என்று அதை மூடவேண்டியதாயிற்று.

ஜூலையில் அஃபோர்ட் ஆலயம். அங்கே ஞானஸ்நானத் தொட்டியின் மேல் ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மர மூடியை டவ்சிங்கே வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய ஆட்களை உள்ளே விடாமல் இரண்டு மணி நேரம் வெளியே நிறுத்திவைத்தார்கள் அந்த ஆலயக் காப்பாளர்கள். டன்விச்சில் கடலுக்குப் போன அனைத்துப் புனிதர் ஆலயத்தின் மிச்சத்தைப் பார்க்கத் திட்டமிட்ட பயணம் பலத்த காற்றால் நின்றுபோனது. அடுத்த ஆண்டு போவோம்.

இனி ஒரு வருத்தம். பெயர் வேண்டாம், நாம் ஆண்டுதோறும் போகும் ஒரு சிற்றாலயத்தில், சிக்கிமுக்கிக் கல் சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். உறைபனியில் அந்த ஈரம் விரிந்து கல்லைத் தள்ளும். பிப்ரவரியில் நான் அந்தச் சுவரில் கை வைத்தபோது ஒரு கல் தானாக என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதை மறுபடி குழியில் வைத்துவிட்டு வந்தேன். நாம் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறேன்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, சஃபோக் வரலாற்றுத் தேவாலய அறக்கட்டளையின் சைக்கிள் பயணத்தில் நம் உறுப்பினர்களும் கலந்துகொண்டார்கள். 1973இல் தொடங்கிய அந்த அறக்கட்டளை 1982 முதல் இதை நடத்துகிறது. திரட்டும் நன்கொடையில் பாதி நாம் சொல்லும் ஆலயத்துக்கும் மீதி அறக்கட்டளைக்கும் போகிறது. முதன்முறை சைக்கிள் ஓட்டி வந்த நம் இளைய உறுப்பினர்களுக்கு அவை கைதட்ட வேண்டும்.

அரசின் உதவி சுருங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். பழுதுபார்ப்புச் செலவில் மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் திட்டம் 2001இல் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுதான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். ஒரு முழுக் கூரையை மாற்றும் ஊருக்கு இது பேரிடி. நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு அனுப்பியிருக்கிறோம்.

எனவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறது. இலையுதிர் காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை, காப்பாளர்களின் அனுமதியோடு, நாம் போய்வரும் ஆலயங்களின் கூரை வடிகால்களையும் வடிகுழாய்களையும் அடைப்பு நீக்கிக் கொடுப்பது. உயரத்தில் ஏறும் வேலையைத் தொழில்முறை ஆட்களிடம் விடுவோம். தரையிலுள்ள வாய்களிலிருந்து இலையும் மண்ணும் அள்ளுவது நம் வேலை. முதல் நாள் வருகிற நவம்பர் கடைசி சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. இப்போது ஆறு பேர் இருக்கிறோம், இன்னும் நால்வர் வேண்டும். தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். முழங்கால் அளவு ரப்பர் காலணி அவசியம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்