மகளே, 12:4 வராவிட்டால் திருத்தாதே

அன்பு மகளுக்கு,

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபியலும் உடற்கூறும் செய்முறையாகச் சொல்லித்தரப் போகிறேன், எதையெல்லாம் செய்ய வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். உயிரியல் பாடம் எடுத்தே காலத்தைக் கழித்தவளிடம் கேட்டுவிட்டாய், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

செய்முறையில் பலரும் எங்கே கோட்டை விடுகிறார்கள் தெரியுமா? புத்தகத்தில் போட்டிருப்பது வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கிறார்கள். புத்தகமும் கையில் இருப்பதும் ஒத்துப்போகாத இடம் ஒன்று எப்படியும் வரும், பிள்ளைகள் வாயைத் திறந்து கேள்வி கேட்பதே அங்கேதான், அதை நீ பூசி மெழுகிவிடாதே. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படிச் செய்வது என்பது.

ஸ்ட்ராபெர்ரியில் ஆரம்பி. நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெர்ரியின் செல்லில் குரோமோசோம் தொகுதி, அதாவது டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் பொதிகளின் தொகுதி, எட்டு இருக்கிறது (நமக்கு இரண்டுதான்), அதனால் டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும். பழத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையாலேயே நசுக்கச் சொல். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் உப்பும் கலந்த தண்ணீரை அதில் ஊற்றி, நுரை வராமல் மெதுவாகப் பிசைந்து வடிகட்ட வேண்டும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். டிஎன்ஏ இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளாமல் சேர்ந்து திரள உப்பு உதவும். வடிகட்டியதைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் குளிர்ந்த ஆல்கஹாலை ஓரமாக வழியவிடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக, குட்டிக் குமிழிகளோடு ஒன்று மிதந்து மேலே வரும், குச்சியால் சுற்றி எடுத்துவிடலாம்.

புத்தகத்தில் டிஎன்ஏவை முறுக்கிய ஏணி மாதிரி வரைந்திருப்பார்கள், உடனே ஒரு பிள்ளை, "இதில் சுருள் ஏணி எங்கே மிஸ்?" என்று கேட்கும். கேட்காவிட்டால் நீயே கேள். சுருளின் அகலம் 2 நானோமீட்டர்தான், பள்ளி மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது. குச்சியில் தொங்குவது எண்ணிலடங்காத இழைகளின் கூளம், கொஞ்சம் புரதமும் பழத்தின் பெக்டின் என்ற கூழ்ப்பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். சளி மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பவர்களிடம், 1869இல் ஃப்ரீட்ரிக் மீஷர் என்பவர் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்துதான் என்று சொல்லிப் பார், வகுப்பே அலறும்.

அடுத்து நாணயம். இரண்டிரண்டு பேராக உட்கார வை, ஆளுக்கொரு நாணயம். ஒவ்வொரு நாணயமும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் மரபணு. தலை விழுந்தால் ஓங்கு பண்பு (ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது), பூ விழுந்தால் ஒடுங்கு பண்பு (ஓங்கு பண்பு இருந்தால் மறைந்துகொள்வது). இரண்டுமே பூவாக விழுந்தால்தான் ஒடுங்கு பண்பு வெளியே தெரியும். ஒவ்வொரு ஜோடியும் 16 முறை சுண்டட்டும். கணக்குப்படி ஓங்கு பண்பு 12, ஒடுங்கு பண்பு 4 என்று 12:4, அதாவது 3:1 வர வேண்டும், ஆனால் சரியாக அப்படி வருவது சராசரியாக ஐந்தில் ஒரு ஜோடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான். மற்றவர்களுக்கு 9:7 வரும், 14:2 வரும், பக்கத்து நோட்டைப் பார்த்து நைசாக மாற்றி எழுதப் பார்ப்பார்கள். விடாதே! அப்படியே பலகையில் எழுதி மொத்தத்தையும் கூட்டச் சொல். 20 ஜோடி என்றால் 320 சுண்டல், ஒடுங்கு பண்பு 80ஐ ஒட்டி வந்து நிற்கும்.

பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலுக்கும் இதே கதைதான். 7,324 பட்டாணி விதைகளை எண்ணினார், 5,474 உருண்டை, 1,850 சுருக்கம், அதாவது 2.96க்கு 1. இதைத்தான் எல்லாப் புத்தகமும் போடும். ஆனால் ஒரே ஒரு செடியை எடுத்துப் பார்த்தால் 43 உருண்டைக்கு 2 சுருக்கம், இன்னொரு செடியில் 14 உருண்டைக்கு 15 சுருக்கம் என்றும் வந்ததை 1866இல் வெளிவந்த கட்டுரையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த 14:15ஐ எடுத்த எடுப்பிலேயே பலகையில் எழுதிவிட்டு, 3:1 எங்கே என்று கேள். அப்புறம் நாணயத்தைக் கொடு.

நாக்கை மடிக்கிறாயா, காது மடல் ஒட்டியிருக்கிறதா, வீட்டில் அப்பா அம்மாவுக்கு எப்படி என்று அட்டவணை போட வைக்கும் பயிற்சி ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை அப்படியே எடுத்துச் செய்துவிடாதே. நாக்கு மடிப்பதை ஒற்றை மரபணுவின் வேலை என்று 1940இல் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், சாதாரண ஆள் இல்லை, குரோமோசோமுக்கு முதல் வரைபடம் போட்டவர். ஆனால் ஒரே கருவில் உண்டான இரட்டையரிலேயே ஒருவர் மடிக்க, இன்னொருவரால் முடியாமல் இருப்பதைப் பிறகு கண்டார்கள், அவரே பின்னாளில் அதைக் கைவிட்டார். காது மடலும் அவ்வளவு எளிதில் இரண்டு வகைக்குள் அடங்காது. இது தெரியாத பிள்ளை, தனக்கு மட்டும் நாக்கு மடிகிறதே, அப்படியென்றால் நான் இவர்கள் பிள்ளை இல்லையா என்று வீட்டுக்குப் போய் யோசிக்கும். தத்துப் பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம், அப்பா யாரென்று தெரியாத பிள்ளையும் இருக்கலாம். வகுப்புக்குள்ளேயே எண்ணிக்கை எடுங்கள், போதும், வீட்டை இழுக்க வேண்டாம். ரத்த வகைக்கும் இதே விதிதான், கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்.

சரி, உடற்கூறு. கத்தியை எடுக்கும் முன் அவரவர் கையையே பார்க்கட்டும். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டச் சொன்னால், அசைவது விரல், துடிப்பது முழங்கைப் பக்கத்துத் தசை. பெருவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடித்தால் நடுவில் ஒரு தசைநாண் புடைத்து நிற்கும். சிலருக்கு அது இருக்கவே இருக்காது, ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு, பிடிமானம் ஒன்றும் குறைவதில்லை. படத்தில் போட்டிருக்கும் நாண் தன் கையில் இல்லை என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆட்டு இதயம் வாங்கும்போது மேலறைகளையும் ரத்தக் குழாய்களையும் நறுக்காமல் தரச் சொல், இல்லாவிட்டால் கீழ்ப்பாதிதான் மிஞ்சும். நீலமும் சிவப்புமாக வரைந்து பழகியவர்களுக்கு எது இடம், எது வலம் என்றே புரியாது. சொல்லிவிடாதே, இரண்டு பக்கமும் அழுத்திப் பார்க்கச் சொல். கெட்டியாக இருப்பது இடது கீழறை, உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டிய பக்கம். பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் மூன்று இதழும் சேர்ந்து வழியை மூடும், அதைப் பார்த்த பிறகு வெட்டுங்கள். உள்ளே வால்வைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்களை விரலால் இழுத்துப் பார்க்கட்டும், மெல்லியதாக இருந்தாலும் லேசில் அறாது.

அந்தக் காலத்தில் பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பழைய நூலை வாசிப்பார், கீழே வேறொருவர் உடலை அறுப்பார், நூலும் உடலும் ஒத்துப்போகிறதா என்று பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. தன் கையாலேயே அறுத்துப் பார்த்த உடற்கூறு ஆய்வாளர் வெசாலியஸ், மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று 1543இல் எழுதினார். இரண்டு எலும்பு என்று பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் சொல்லியிருந்ததை ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கேலன் அறுத்ததெல்லாம் பெரும்பாலும் குரங்கும் மற்ற விலங்குகளும்தான். வயிற்றைக் குமட்டுகிற பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே, அறுக்க மனமில்லாதவர்கள் வரையட்டும், நாடித்துடிப்பை எண்ணட்டும். கேலி செய்பவனை மட்டும் விடாதே.

கையுறை எல்லார் அளவிலும் வாங்கு, பிளேடு வேண்டாம், முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். ஆல்கஹாலை முந்தின நாள் இரவே குளிரில் வைத்துவிடு, தீப்பிடிக்கும் சமாச்சாரம், அடுப்பு பக்கத்தில் கூடாது. சோதித்த பழத்தை யாரும் வாயில் போடாமல் பார்த்துக்கொள், போடுவார்கள். பதில் தெரியாத கேள்விகளைத் தனியாகக் குறித்து அனுப்பு, எனக்கும் பொழுது போகும்.

அம்மா