போர் வேண்டாம், கண்ணு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலம்தானே?

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு வயலில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது தவிர வேறு பேச்சே இல்லை. 2023இல் அக்டோபர் 10ஆம் தேதியே மேட்டூர் அணையை மூடியபோது கடைமடையில் நாம் பட்ட பாடு அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் கடலோரத்து மண்ணில் தோண்டினால் நல்ல தண்ணீரா வரும்? மாமா வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போர் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பயிரின் நுனி கருகிவிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம்தான், மண் கெட்டால் அதைத் திருத்த எத்தனை வருடம் ஆகும்?

இந்தச் சம்பாவுக்குப் புழுதியில் நேரடி விதைப்பு செய்துவிடலாம் என்கிறேன். நாற்றங்கால் வேண்டாம், நடவுக் கூலி வேண்டாம். ஒரு நல்ல மழை பெய்தால் முளைத்துவிடும். களை அதிகம் வரும், அந்தக் கூலியையும் சேர்த்தே கணக்குப் பார்த்தேன். விதை சி.ஆர். 1009 சப்-1 என்கிற நெல் ரகம். பத்துப் பதினைந்து நாள் வெள்ளத்தில் மூழ்கினாலும் தப்பிக்கும். ஆனால் ஐந்து மாதப் பயிர். வழக்கம்போல ஜனவரி 28இல் அணையை மூடிவிட்டால் கடைசித் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு குட்டை வெட்டச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் வீணாகக் கடலுக்குத்தானே போகிறது. அரை மா நிலம் போய்விடுமே என்கிறார் அப்பா. போகட்டும், மீதி நிலமாவது விளையும். வெட்டுகிற செலவுக்கு உளுந்து விற்ற பணம் இருக்கிறது. போர் மட்டும் வேண்டாம்.

இவ்வளவு பணம் அனுப்பிய பெண் நம் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அனுப்பிய பிறகு ஒரு போன்கூட இல்லையே, கண்ணு. ஆடிப்பெருக்குப் படம் பார்த்தேன். புது மஞ்சள் கயிறு உனக்கு நிறைவாக இருந்தது. தாலிக்கொடி சேலைக்குள் இருந்திருக்கும் போலிருக்கிறது.

பணத்தைத் தொடக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பச் செய்கிறேன். மீட்க வேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் அதை மீட்டுக்கொள். போருக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வயலுக்குப் போய்விடுவார். பத்து மணிக்கு மேல் போன் செய். நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா