தடைக்காலத்தில் வாருங்கள், கண் முகாமுக்கு

கடலூர் மாவட்டக் கடலோர ஊர்களில் கண் முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுத் தொழிலாளி. இடக்கண்ணில் மூக்கோரமாக வளர்ந்த சதையை ஆடி மாதம் ஒரு முகாம் வழியாக அகற்றிக்கொண்டார். பதினோராம் நாள் கடலுக்குப் போய்விட்டார். பொங்கலுக்குள் சதை திரும்பிவிட்டது, முன்பைவிடத் தடிப்பாக.

"சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டாயா?" என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள். படகேறும்வரை விட்டார். என் கேள்வி வேறு: சதையை வெட்டிய இடத்தை மூடினார்களா? வெட்டி அப்படியே விட்டால் பத்துப் பேரில் மூவர் முதல் எட்டுப் பேர்வரைக்கும் சதை திரும்ப வளர்வதுண்டு. மேல் இமைக்கு அடியில் வெண்விழியைப் போர்த்தியிருக்கும் நல்ல சவ்வில் ஒரு துண்டை எடுத்து அங்கே ஒட்டினால் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. தைக்கலாம், பசையால் ஒட்டலாம். நோயாளியின் இரத்தத்தையே பசையாக்குவோரும் உண்டு. மைட்டோமைசின் என்ற மருந்தும் சதை திரும்ப வளர்வதைத் தடுக்கும், ஆனால் வெண்விழி மெலிந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. அப்பாவின் சீட்டில் 'சதை அகற்றப்பட்டது' என்று ஒரே வரி. ஒட்டினார்களா இல்லையா என்பதையாவது எழுதித் தாருங்கள்.

அடுத்தது நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. தடை தொடங்கும் வாரத்திலேயே அறுவை செய்தால், புண் சிவந்து கிடக்கும் வாரங்கள் வெயிலும் உப்புக்காற்றும் படாமல் வீட்டோடு கழியும். கத்திரி வெயிலில் அறுவையா என்று பாட்டிமார் முணுமுணுப்பார்கள். நடுக்கடல் வெயிலுக்கு எங்கள் திண்ணை எவ்வளவோ மேல். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பல வாரம் விட்டுப் படிப்படியாகக் குறைக்கவும், அந்த மருந்தால் கண் அழுத்தம் கூடுகிறதா என்று இடையில் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும். தடை நீங்குவதற்கு முன் ஒருமுறை ஊருக்கே வந்து பாருங்கள். சதை பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஓராண்டுக்குள் தலைகாட்டுகிறது என்பதால் மார்கழியிலும் ஒருமுறை. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்கு எந்த மாதம் வசதி என்று ஊர்ப் பஞ்சாயத்தைக் கேளுங்கள்.

கண்ணாடி பற்றியும் சொல்ல வேண்டும். தொப்பி மேலிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும்; தண்ணீரில் பட்டுத் தெறிப்பது கீழிருந்து வருகிறது. கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும், பக்கவாட்டையும் மூட வேண்டும், வலை இழுக்கும்போது விழாமலிருக்கக் கயிறும் வேண்டும். முகாமில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போன அப்பாவைப் படகில் 'மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். மறுநாள் அது வீட்டு ஆணியில் தொங்கியது. படகிலுள்ள அத்தனை பேருக்கும் கொடுத்தால் கேலி செய்ய ஆள் இருக்காது.

அப்பா இரண்டாம் அறுவைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 15க்கு முன்னால் கூப்பிட்டால் வரமாட்டாராம்.

இப்படிக்கு,
ஒரு மீனவரின் மகள்