பவளப்பாறையை விற்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ராமேசுவரம் போயிருந்தோம். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சிப்பி மாலை, பெயர் செதுக்கிய சங்கு எல்லாம் கண்ணைப் பறித்தன. ஒரு கடையில் மேசைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பவளப்பாறைத் துண்டை எடுத்து, "ஷோகேஸில் வச்சுக்குங்க" என்றார்கள். மனசு பதறிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பவளப்பாறைகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனையோ மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அந்தப் பாறைகளில்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு இந்தச் சட்டம் தெரியாது. அதிகாரிகளே, கடைவீதியில் தமிழிலும் இந்தியிலும் பெரிய பலகை வையுங்கள். அப்புறம், பவளப்பாறைக்குப் பதிலாக நினைவுப் பொருளாய் வாங்கிப் போகப் பனையோலைப் பெட்டிகளுக்கும் அங்கே நல்ல இடம் கொடுங்கள். நான் தேடி அலைந்துதான் ஒன்று வாங்கினேன்.

– ஒரு வாசகி, மதுரை