இயற்கை வாழ்வியல் முகாம்களை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் அமைப்பாளர்களுக்கும் யோக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கொல்லிமலையிலும் ஏலகிரியிலும் சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளிலும், மலைக்குப் போக வசதியில்லாத ஊர்களில் கல்யாண மண்டபங்களிலுமாக, இரண்டு நாள், மூன்று நாள், சில இடங்களில் ஒரு மண்டலம் என்று நீங்கள் நடத்திவரும் முகாம்களைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். நான் சித்த மருத்துவம் பயின்று, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் வருவோரில் பலர் உங்கள் முகாமுக்குப் போய் வந்தவர்கள். சிலரை நானே அனுப்பியதும் உண்டு. ஆகவே இதை வெளியே நின்று குறை சொல்லும் ஒருவரின் கடிதமாகக் கொள்ள வேண்டாம்.

உங்களால் நடக்கும் நன்மையை நீட்டி எழுதத் தேவையில்லை. இருட்டுவதற்குள் உணவை முடித்து நேரத்தோடு படுப்பவர்களையும், நொச்சித்தழை ஆவிக்கும் சுக்குக் கஷாயத்துக்கும் திரும்பிய குடும்பங்களையும், மூச்சுப் பயிற்சியால் படபடப்புத் தணிந்தவர்களையும் நான் தினமும் பார்க்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முகாமுக்கு வருபவர் தம் பையில் எந்த மாத்திரைகளோடு வருகிறார் என்பதை நீங்கள் கேட்பதில்லை. கேட்கும் இடங்களிலும், பெரும்பாலும் அவற்றை நிறுத்தச் சொல்வதற்காகவே கேட்கிறீர்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய்க்குக் காலையில் ஒரு மாத்திரை போடுபவர். ஒரு மூன்று நாள் முகாமுக்குப் போனார்; முகாமின் பெயர் இங்கே வேண்டாம். மருத்துவர் சொன்னதை மதித்து அங்கேயும் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டார். ஆனால் முதல் நாள் பழ உணவு, இரண்டாம் நாள் அருகம்புல் சாறும் எலுமிச்சை நீரும் மட்டுமே. இரண்டாம் நாள் நண்பகலில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, நாக் குழறியது. அங்கிருந்த தொண்டர், “உடம்பிலுள்ள கழிவெல்லாம் வெளியேறுகிறது ஐயா, பயப்படாமல் படுத்திருங்கள்” என்று சொல்லிச் சமுக்காளத்தை விரித்துக் கொடுத்திருக்கிறார். கூட வந்த மைத்துனர் விவரம் தெரிந்தவர். சமையற்கட்டுக்கு ஓடி நாட்டுச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நடந்தது எளிய கணக்கு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. உணவு உள்ளே போகாதபோது இரத்தச் சர்க்கரை தாறுமாறாகக் கீழே இறங்கும். இதோடு சிறுகுறிஞ்சான் கஷாயமோ நாவற்கொட்டைப் பொடியோ சேர்ந்தால் இறக்கம் இன்னும் வேகமாகலாம். உங்கள் உணவுமுறையும் மூலிகையும் சர்க்கரையைக் குறைக்கும் என்பது உங்கள் நம்பிக்கை. பெரும்பாலும் என் நம்பிக்கையும் அதுதான். அப்படிக் குறைக்கும் என்று உண்மையாக நம்புகிறவர், அதே வேலையைச் செய்யும் மாத்திரை ஒன்றும் அந்த உடம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் கேட்டாக வேண்டும். கேட்காமல் இருப்பது, நம் மருந்துக்கு வீரியம் கிடையாது என்று நாமே ஒப்புக்கொள்வது போலாகும்.

மறுபுறம், மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லும் முகாம்கள் இருக்கின்றன. இதன் முடிவு எங்கே போகும் என்பதற்கு இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் வில்ட்ஷைர் பகுதியில், உடம்பைக் கையால் அறைந்தும் தட்டியும் நோயை விரட்டும் ‘பைடாலாஜின்’ என்ற முறையில் தங்குமுகாம் ஒன்று நடந்தது. உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 71 வயதுப் பெண்மணி ஒருவர் அங்கே இன்சுலினை நிறுத்தினார். நிறுத்திவிட்டேன் என்று அவர் அறிவித்தபோது முகாமை நடத்திய ஹோங்சி ஷியாவ் பாராட்டினார் என்பது விசாரணையில் வெளிவந்தது. வாந்தியும் வலியுமாக அவர் துவண்டதைச் சுற்றியிருந்தவர்கள் குணமாகும் முன் வரும் நெருக்கடி என்றே எடுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஷியாவுக்கு 2024 டிசம்பரில் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த அறையில் இருந்த யாரும் அந்தப் பெண்மணிக்குக் கெடுதல் நினைத்தவர்களாகத் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது.

இன்சுலின் மட்டுமல்ல. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். அதுவும் இரவெல்லாம் விழித்து பஜனையும் தியானமும் செய்யும் நாளில் கேட்கவே வேண்டாம், தூக்கமின்மையே வலிப்பைக் கிளறிவிடும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட்டால் வால்விலேயே இரத்தம் கட்டியாக உறையலாம். இந்த மருந்துகளைக் குறைக்கவோ மாற்றவோ முடியாது என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிக் கொடுத்த மருத்துவர், இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் படிப்படியாகச் செய்வார். மேடையில் நின்று நூறு பேருக்கு ஒரே நேரத்தில் செய்யக்கூடிய காரியம் அன்று அது.

‘கழிவு வெளியேறுகிறது’ என்ற விளக்கத்தைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. தலைவலித்தாலும், மயக்கம் வந்தாலும், தோலில் தடிப்பு எழுந்தாலும், வாந்தி எடுத்தாலும் காரணம் இந்த ஒன்றே என்றால், சிகிச்சை தவறாகப் போகிறது என்பதை உடம்பு நமக்கு எந்த வழியில்தான் தெரிவிக்கும்? நம் மருத்துவத்தில் வாந்தியும் பேதியும் சிகிச்சைகளாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கொடுப்பவர், எத்தனை முறை போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், மிஞ்சினால் முறிவு என்ன என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். எதிர்பாராமல் வரும் வாந்தி வேறு. அதற்கு மருத்துவர் வேண்டும்.

உங்களில் சிலருடைய விண்ணப்பப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, இரத்த வகை, வாட்ஸ்அப் எண், பாய் கொண்டுவருவீர்களா, வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா, டி-சட்டை அளவு என்ன என்பது வரை கேட்கிறது. மருந்துக்கு ஒரு வரி இல்லை. இது நம் மரபுக்கும் ஒவ்வாதது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் தேர்ந்து பார்த்த பிறகே மருந்தைத் தொடச் சொல்கிறது சித்த மருத்துவம். ஒரே நோய்க்கு ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு நெய்யிலும் என்று அனுபானம், அதாவது மருந்தைக் குழைத்துத் தரும் பொருள், மாற்றிக் கொடுத்த வழியில் வந்த நாம், வந்தவர் எல்லோருக்கும் ஒரே குவளையில் ஒரே சாற்றை நீட்டுவது எப்படிப் பொருந்தும்?

சாறுகளில் சுரைக்காய்ச் சாற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது உங்கள் காலைப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கிறது. சமைத்துண்ணும் சுரைக்காய் நல்ல காய். ஆனால் சில காய்கள் கசப்பேறி வரும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுக் கூட்டத்தினுடையது. கசந்த சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்ந்ததும், இறந்ததும் பதிவாகியிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்து கூறிய யோசனை மிக எளிமையானது: சாறு பிழியுமுன் காயில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே எறியுங்கள், வேறு சாறுகளோடு கலக்காதீர்கள். கடைசி யோசனை முக்கியமானது. பாகற்காயையும் நெல்லிக்காயையும் சேர்த்து அரைத்துவிட்டால் எந்தக் கசப்பு எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? கசக்கக் கசக்க நல்லது என்ற நம் ஊர் எண்ணம் வேறு, குவளையைக் கவிழ்த்து வைக்கும்வரை விடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். கொழுப்புக் குறையும் என்று பிலிம்பிப் புளிச்சங்காய்ச் சாற்றைச் செறிவாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். காரணம் அதிலுள்ள ஆக்சலேட். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இளநீரும் பழச்சாறும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குத் தினமும் கீரைச்சாறு கொடுத்தால் கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தை முறிக்கும். தொண்டைக்கு இதமென்று நாள்தோறும் தரும் அதிமதுரம், அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மனநோய்க்கு லித்தியம் எடுப்பவருக்கு உப்பில்லா உணவு கொடுத்தால் லித்தியம் உடம்பில் தேங்கி நஞ்சாகும். இவை அனைத்தும் நல்ல பொருள்களே. யாருக்கு என்ற கேள்விதான் விடுபட்டிருக்கிறது.

மூக்கை நீரால் கழுவும் ஜலநேதி பற்றி ஒரு சொல். குழாயிலோ கிணற்றிலோ பிடித்த நீரை அப்படியே மூக்கில் விட வேண்டாம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் நேதி செய்த இருவர் மூளையைத் தின்னும் அமீபாத் தொற்றில் இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறிவிடும். தொற்று அரிதுதான், ஆனால் வந்தவர் பிழைப்பது அதைவிட அரிது. தடுப்பதற்கோ ஒரு சட்டி நீரைக் கொதிக்க வைத்தால் போதும்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், கொடைக்கானல் போன்ற உயரத்தில் மூன்று நிமிடம், ஆறவைத்து உப்புச் சேருங்கள். சிரசாசனத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். சென்னையில் யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006-இல் வெளியான ஆய்வு, அந்த ஆசனத்தில் கண்ணழுத்தம் ஏறக்குறைய இருமடங்காவதைக் காட்டியது. கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவரை அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மூலிகை அறிமுக நடை உங்கள் முகாம்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண்ணாங்கட்டி போலிருப்பதைக் கண்டு பிள்ளைகள் கூவுவது பார்க்கத் தெவிட்டாத காட்சி. அந்த நடையில் ஆடுதீண்டாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் காட்டி, ‘வயிற்றுப் பூச்சிக்கு நல்லது, பறித்துப் போய்க் குடியுங்கள்’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஏடுகளில் இவை உண்டு என்பதை அறிவேன். இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களில், ஒரு மூலிகைக்குப் பதில் இக்குடும்பத்துச் செடி தவறிச் சேர்ந்ததால், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. இவற்றை உள்ளுக்கு நான் கொடுப்பதில்லை. ஏட்டில் இருப்பதாலேயே கொடுத்தாக வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் யாரும் சொன்னதில்லை.

துண்டறிக்கைகளில் ‘சர்க்கரை நோயிலிருந்து நிரந்தர விடுதலை’, ‘புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று அச்சிடுவோருக்கு ஒரு நினைவூட்டல். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட பட்டியல் நோய்களை மருந்தாலோ மந்திரத்தாலோ தாயத்தாலோ குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. படிவத்தில் நோய், மாத்திரையின் பெயர், அளவு, எழுதித் தந்த மருத்துவரின் தொலைபேசி எண் என்ற நான்கு வரிகளைச் சேருங்கள். அதை முகாம் தொடங்குமுன் பதிவு பெற்ற சித்த மருத்துவரோ, ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம் படித்த மருத்துவரோ, அலோபதி மருத்துவரோ ஒருவர் படித்துப் பார்த்து, விரதமும் சாறும் யாருக்கு வேண்டாம் என்று பிரித்துத் தரட்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு உண்ணாநோன்பு வைப்பதாக இருந்தால், அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அளவைத் திருத்திக்கொண்ட பின் வையுங்கள். முகாமில் ஒரு குளுக்கோமீட்டரும் இரத்த அழுத்தமானியும், கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், உளறல், வாந்தி, நெஞ்சு வலி, தடுமாற்றம் கண்டால் அங்கேயே அளந்து பார்த்து, சந்தேகமிருந்தால் 108-ஐ அழைக்கும்படி தொண்டர்களுக்குச் சொல்லி வையுங்கள். முடிவு நாளன்று, காலை மாலை அளந்த சர்க்கரையும் அழுத்தமும் எழுதிய தாளை ஒவ்வொருவரிடமும் கொடுத்து அனுப்புங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவருடைய மருத்துவர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

இந்த நான்கு வரிகளுக்கான மாதிரிப் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் முகாம்களுக்குக் கட்டணமின்றித் தருகிறேன். எங்கள் பக்கத்தில் நடக்கும் முகாம்களுக்குப் படிவங்களைப் படித்துப் பார்க்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
சித்த மருத்துவன் ஒருவன்,
திண்டுக்கல் மாவட்டம்.